அலபாமா முதல் மிசிசிப்பி வரை: சிவில் உரிமைத் தலங்களுக்குக் குழுவாகச் சென்றுவர ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய தேவாலயங்களும் பேருந்து நிலையங்களும் நீதிமன்றங்களும் இன்று அருங்காட்சியகங்களாகவும் நினைவிடங்களாகவும் பேணப்படுகின்றன. பள்ளிகள், திருச்சபைகள், குடியிருப்போர் சங்கங்கள் எனப் பலதரப்பட்ட குழுக்கள், இனங்களுக்கிடையே தலைமுறைகளாக ஆறாமலிருக்கும் காயத்தை ஆற்ற வேண்டும் என்ற நோக்கத்தோடு அங்கே செல்கின்றன. ஆனால் இடங்களைப் பார்த்துவிட்டாலே நல்லிணக்கம் வந்துவிடும் என்று நம்பிப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் கைப்பேசி நிறையப் படங்களோடு மட்டுமே திரும்புகிறார்கள். எந்த வரிசையில் பார்க்கிறோம், யார் சொல்லக் கேட்கிறோம், மாலையில் எப்படிப் பேசிக்கொள்கிறோம், ஊர் திரும்பியபின் என்ன செய்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே இந்தப் பயணத்தின் பயன் அமைகிறது. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் தங்கள் கறுப்பின, வெள்ளையின அண்டை வீட்டாரோடு சேர்ந்து செல்வதை மனத்தில் வைத்தே இங்குள்ளவை எழுதப்பட்டுள்ளன. வேறு எந்தக் கலப்புக் குழுவுக்கும் இவை பொருந்தும்.

முதல் படி: யார் போகிறார்கள், எதற்காக

பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட குழு போதுமானது. அதைவிடப் பெரிய குழுவில் நான்கைந்து பேர் மட்டுமே பேசுவார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரே இனத்தவர் மட்டும் செல்வதிலும் பயன் உண்டு. ஆனால் அதற்கு நல்லிணக்கப் பயணம் என்று பெயர் வைப்பது சரியாகாது. கறுப்பினத்தவர் ஒருவரையோ இருவரையோ மட்டும் சேர்த்துக்கொண்டு செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செல்பவர்கள் வழி நெடுகிலும் மற்றவர்களுக்கு ஆசிரியராக இருக்க வேண்டிய சுமைக்கு ஆளாகிறார்கள். அவர்கள் தங்கள் துயரத்தைத் தங்கள் போக்கில் எதிர்கொள்ளவே இடமில்லாமல் போய்விடுகிறது.

தமிழர்களுக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி எழும். 1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேறுவது அறவே தடுக்கப்பட்டிருந்தது. 1946இல் அது தளர்த்தப்பட்டபோதும் ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவிலேயே அனுமதி கிடைத்தது. நாட்டு அடிப்படையிலான அந்த ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டத்தில் லிண்டன் ஜான்சன் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்திட்டார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாக்குரிமைச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். இன அடிப்படையில் மனிதரைத் தரம்பிரிக்கும் சட்டங்கள் வெட்கக்கேடானவை என்று அந்த நாடாளுமன்றத்தை ஒப்புக்கொள்ள வைத்ததில் அலபாமாவின் செல்மாவிலும் பர்மிங்காமிலும் உரிமை கேட்டு அடிபட்டவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் விசாவோடு வந்திறங்கிய கதை அந்தச் சாலைகளில் தொடங்குகிறது. ஆகவே நாம் அங்கே வெறும் பார்வையாளர்களாகச் செல்வதில்லை.

இரண்டாம் படி: புறப்படும் முன்

குறைந்தது இரண்டு முன்கூட்டங்கள் தேவை. முதல் கூட்டத்தில் காலவரிசையை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்: அடிமை முறை, 1865இல் அதன் முடிவு, அதன்பின் சில ஆண்டுகளே நீடித்த சம உரிமை, பின்னர் வந்த கும்பல் படுகொலைகளும் பிரித்துவைக்கும் சட்டங்களும், 1950களிலும் 60களிலும் எழுந்த இயக்கம். இந்த வரிசை தெரியாமல் சென்றால், ரோசா பார்க்ஸ் என்ற களைத்துப்போன தையற்காரர் ஒருநாள் பேருந்து இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தார், எல்லாம் மாறிவிட்டது என்ற பள்ளிக்கூடக் கதையோடுதான் திரும்புவோம். இரண்டாம் கூட்டத்தில், விருப்பமுள்ள ஒவ்வொருவரும் இனம் பற்றித் தம் வீட்டில் பேசப்பட்டதை, பேசப்படாமல் விடப்பட்டதைச் சொல்லலாம். தமிழ் வீடுகளில் கறுப்பின மக்களைப் பற்றி எத்தகைய சொற்கள் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன என்பதை இங்கேயே நேர்மையாக ஒப்புக்கொள்வது நல்லது. அதை மறைத்துக்கொண்டு மான்ட்கோமெரிக்குச் செல்வதில் பொருளில்லை.

குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்தில் சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதி உண்டு. பர்மிங்காம் பூங்காவையும் எந்த வயதினரும் பார்க்கலாம். மான்ட்கோமெரியின் லெகசி அருங்காட்சியகம் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதன்று என்பது என் கருத்து. இந்த வழியிலுள்ள தேசியப் பூங்காத் துறையின் தலங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சில அருங்காட்சியகங்கள் வாரத்தின் தொடக்க நாட்களில் மூடியிருக்கும். சில தேவாலயங்களும் வீடுகளும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே திறக்கும். சில கட்டடங்கள் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டிருக்கலாம். தேதியை முடிவு செய்வதற்கு முன்பே ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். கோடையின் வெயிலும் புழுக்கமும் கடுமையானவை; முதியவர்கள் இருந்தால் மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை.

மூன்றாம் படி: வழித்தடம்

அட்லாண்டாவில் தொடங்கி பர்மிங்காம், மான்ட்கோமெரி, செல்மா, ஜாக்சன், சம்னர் வழியாக மெம்ஃபிஸில் முடிப்பது வசதியானது. ஐந்து நாட்களில் முடிக்க முடியும். ஏழு நாட்கள் இருந்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரு நாளில் இரண்டு பெரிய இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது இடத்தில் மனம் மரத்துவிடும். நாட்கள் குறைவாக இருந்தால் அட்லாண்டாவையும் மெம்ஃபிஸையும் விட்டுவிட்டு மான்ட்கோமெரிக்கு முழுமையாக இரண்டு நாட்கள் ஒதுக்குவேன். அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த தெருவும் அவருடைய எபினேசர் தேவாலயமும் உள்ளன. மெம்ஃபிஸில், 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட லொரெய்ன் விடுதி அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டும் ஒரு தலைவரின் வாழ்வைச் சொல்பவை. நல்லிணக்கம் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் இடையிலுள்ள சிறிய ஊர்களில்தான் இருக்கின்றன.

நான்காம் படி: பர்மிங்காம்

கெல்லி இங்ரம் பூங்காவில் தொடங்குங்கள். 1963 மே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் இதன் எதிரேயுள்ள தேவாலயத்திலிருந்துதான் ஊர்வலமாகப் புறப்பட்டுக் கைதானார்கள். காவல்துறைப் பொறுப்பிலிருந்த புல் கானர், நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் அவர்கள்மீது ஏவினார். பூங்காவின் நடைபாதையில் இருபுறமும் பாய்ந்துவரும் நாய்களின் சிற்பங்களுக்கு நடுவே நடந்தாக வேண்டும்படி அமைத்திருக்கிறார்கள். தனித்தனியாக நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தத் தேவாலயம்தான் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையர் மேலாதிக்க அமைப்பினர் வைத்த குண்டு வெடித்து ஏடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் ஆகிய நான்கு சிறுமிகள் இறந்தார்கள். முதல் மூவருக்கும் வயது 14, டெனிஸுக்கு 11. குற்றவாளிகளில் ஒருவர் 1977இலும் மற்ற இருவர் 2001, 2002ஆம் ஆண்டுகளிலும்தான் தண்டிக்கப்பட்டார்கள். நான்காவதாகச் சந்தேகிக்கப்பட்டவர் வழக்கே இல்லாமல் இறந்துபோனார். காயம் ஆறவில்லையே என்று வியப்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பெற்றோர் நீதிக்காகக் காத்திருந்த அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

தேவாலயத்தின் உள்ளே, கைகளை விரித்து நிற்கும் கறுப்பு இயேசுவின் கண்ணாடி ஓவியச் சாளரம் ஒன்று உண்டு. குண்டுவெடிப்பைக் கேள்விப்பட்ட வேல்ஸ் நாட்டு மக்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்தது அது. செல்வந்தர் எவரும் மொத்தப் பணத்தையும் கொடுத்துப் பெயர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒருவர் தரக்கூடிய தொகைக்கு அரை கிரவுன் என்ற சிறு நாணய மதிப்பை உச்சவரம்பாக அங்குள்ள நாளிதழ் வைத்தது. தொலைவிலுள்ள ஒரு சமூகம், தன்னை முன்னிறுத்திக்கொள்ளாமல் துயரத்தில் பங்கெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். தமிழ்ச் சங்கங்கள் இதன்முன் சற்று நேரம் நிற்பது நல்லது. இது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம் என்பதால் உடையிலும் பேச்சிலும் அதற்குரிய மரியாதை வேண்டும்.

ஐந்தாம் படி: மான்ட்கோமெரி

பயணத்தின் மையம் இதுதான். பிரையன் ஸ்டீவன்சன் நிறுவிய ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற சட்ட உதவி அமைப்பு, 2018 ஏப்ரலில் லெகசி அருங்காட்சியகத்தையும் அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்தையும் திறந்தது. முதலில் அருங்காட்சியகம், பிறகு நினைவிடம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். அடிமைகள் உழைத்த பஞ்சுக் கிடங்கு இருந்த இடத்தில் நிற்கும் அருங்காட்சியகம், அட்லாண்டிக் கடலைத் தாண்டி மனிதர்கள் கொண்டுவரப்பட்டதிலிருந்து இன்றைய சிறைகள்வரை ஒரே கோடாகச் சொல்லிச் செல்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதை ஒரு வரமாகவே எடுத்துக்கொள்ளலாம். கும்பல் படுகொலை நடந்த இடங்களில் உள்ளூர் மக்களே சென்று எடுத்துவந்த மண், கொல்லப்பட்டவரின் பெயரோடும் இடத்தோடும் தேதியோடும் நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சாடிகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. கருமண், செம்மண், வெளிர்மணல் என ஊருக்கு ஊர் நிறம் வேறுபடுவதைக் காணலாம். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நினைவிடம் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றாக, ஆறடி உயரமுள்ள எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். அவற்றில் இறந்தவர்களின் பெயர்கள். 1877 முதல் 1950 வரை 4,400க்கும் மேற்பட்ட படுகொலைகளை அந்த அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. நுழையும்போது தூண்கள் கண்மட்டத்தில் நிற்கும். நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போக, முடிவில் அவை தலைக்கு மேலே தொங்கும். பெரும்பாலான குழுக்கள் இத்தோடு வெளியேறிவிடுகின்றன. வெளியே புல்வெளியில் அதே தூண்களின் நகல்கள் வரிசையாகக் கிடத்தப்பட்டிருப்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தன் ஊரில் நடந்ததை ஒப்புக்கொண்டு, அதற்கான பணிகளைச் செய்யும் கவுண்டி தன் தூணை எடுத்துச்சென்று சொந்த மண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவற்றை அங்கே வைத்ததன் நோக்கம். உங்கள் கவுண்டி அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பயணத்தின் எஞ்சிய பகுதியும் அதன்பின் வரும் மாதங்களும் அந்தப் பெயரைச் சுற்றியே அமையும்.

மறுநாள் ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். 1955 டிசம்பர் 1 அன்று அவர் கைதான இடத்திலேயே அது இருக்கிறது. அவர் உள்ளூர் உரிமைச் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 15 வயது கிளாடெட் கால்வின் பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்துக் கைதாகியிருந்தார். கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சிட்டுப் பேருந்துப் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். மக்கள் 381 நாட்கள் நடந்தார்கள். வாடகையின்றி ஒருவரையொருவர் காரில் ஏற்றிச் சென்றார்கள். ஒரு தனிமனிதரின் வீரத்தைவிட, அமைப்பாகத் திரண்டவர்களின் பொறுமையே இங்கே விளங்கும்.

கிங் குடும்பம் வாழ்ந்த பாதிரியார் இல்லத்தையும் விடாதீர்கள். 1956 ஜனவரி 30 அன்று குண்டு வீசப்பட்ட அதன் முன்திண்ணையில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. உள்ளே, அச்சுறுத்தல் அழைப்புகளால் தூக்கமிழந்த 27 வயது இளைஞர் நள்ளிரவில் அமர்ந்து ஜெபித்த சமையலறை மேசையைப் பார்க்கலாம்.

ஆறாம் படி: செல்மாவும் எண்பதாம் எண் நெடுஞ்சாலையும்

1965 மார்ச் 7 அன்று ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் தலைமை தாங்கிய ஏறத்தாழ 600 பேரை மாநிலக் காவலர்கள் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தின் மறுமுனையில் தடிகளாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினார்கள். பாலம் இன்னும், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படைத்தளபதி ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்; ஓரத்து நடைபாதையில் இருவர் இருவராக, பேசாமல் நடப்பது நல்லது. அதைவிட முக்கியமானது, நடந்து முடித்ததும் காரில் ஏறிவிடாமல் இருப்பது. வறுமை மிகுந்த இந்நகரை 2023 ஜனவரியில் ஒரு சுழற்காற்றும் சிதைத்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து பாலத்தில் படமெடுத்துக்கொண்டு, உணவும் தங்கலும் மான்ட்கோமெரியில் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள்; அங்கேயே சாப்பிடுங்கள்; முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள்.

செல்மாவிலிருந்து மான்ட்கோமெரிவரை ஊர்வலம் சென்ற 54 மைல் சாலையின் நடுவே லௌண்ட்ஸ் கவுண்டி வருகிறது. மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவராக இருந்தும், 1965இன் தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் பதிவு செய்த குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்கள் வெளியேற்றினார்கள். அவர்கள் கூடாரங்களில் வாழ்ந்த இடத்தில் இப்போது பூங்காத் துறையின் விளக்க மையம் இருக்கிறது. அலபாமாவின் ஜனநாயகக் கட்சி அப்போது வெள்ளைச் சேவலையும் வெள்ளையர் மேலாதிக்க முழக்கத்தையும் சின்னமாக வைத்திருந்தது. அதற்கு எதிராக இவ்வூர் மக்கள் தொடங்கிய கட்சி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் காணும்படி கருஞ்சிறுத்தையைச் சின்னமாக்கியது. அந்தச் சிறுத்தை 1966இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சிக்குச் சென்றது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகளுக்குப் பெயர் தந்தது. பின்னர் தமிழ்நாட்டின் விடுதலைச் சிறுத்தைகளிடமும் வந்து சேர்ந்தது. தமிழ்க் குழு எதுவும் இந்த மையத்தில் நிற்காமல் கடந்துபோகக் கூடாது.

ஏழாம் படி: மிசிசிப்பி

ஜாக்சனில் மாநில அரசே அமைத்த சிவில் உரிமை அருங்காட்சியகமும் உரிமை இயக்கத் தலைவர் மெட்கர் எவர்ஸின் வீடும் உள்ளன. பாதுகாப்புக் கருதி முன்வாசலே இல்லாமல் கட்டப்பட்ட அவ்வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் 1963 ஜூன் 12 அன்று அவர் சுடப்பட்டார். கொலையாளி தண்டிக்கப்பட்டது 1994இல்.

அங்கிருந்து வடக்கே சம்னர் என்ற மிகச் சிறிய ஊர். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயது எம்மெட் டில், 1955 ஆகஸ்ட் 28 அன்று கடத்திக் கொல்லப்பட்டான். சவப்பெட்டியைத் திறந்துவைத்தே மகனின் இறுதிச்சடங்கை நடத்தத் துணிந்தார் தாய் மேமி டில். வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழு, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகக் கலந்துபேசி இரு குற்றவாளிகளையும் விடுவித்தது. மறு ஆண்டே அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அந்த நீதிமன்ற அறை 1955இல் இருந்த தோற்றத்துக்கே மீட்கப்பட்டிருக்கிறது.

2007 அக்டோபர் 2 அன்று, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்த உள்ளூர்க் குழு அந்த நீதிமன்றத்தின் முன் டில் குடும்பத்தாரிடம் பொதுமன்னிப்பு கோரியது. இன நல்லிணக்கம் உண்மையைச் சொல்வதிலிருந்து தொடங்குகிறது என்பதே அந்த அறிக்கையின் முதல் வாக்கியம். நீதிமன்ற இருக்கைகளில் அமர்ந்து அறிக்கை முழுவதையும் குழுவினர் மாறிமாறி வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். எதிரிலுள்ள விளக்க மையத்தார் உதவுவார்கள். அதன்பின், எம்மெட்டின் உடல் எடுக்கப்பட்ட இடமாகக் கருதப்படும் ஆற்றங்கரையிலுள்ள கிராபால் லாண்டிங்குக்குச் செல்லலாம். அங்கே வைத்த பெயர்ப்பலகை முதலில் திருடப்பட்டது. பிறகு வைத்தவை மீண்டும் மீண்டும் துப்பாக்கியால் துளைக்கப்பட்டன. 2019இல் குண்டு துளைக்காத பலகை நிறுவப்பட்டது. மன்னிப்பு கேட்ட அதே வட்டாரத்தில்தான் இதுவும் நடந்தது.

எட்டாம் படி: மாலை உரையாடல்

ஒவ்வொரு மாலையும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அனைவரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை எவரும் இரண்டாம் முறை பேச வேண்டாம். பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. கறுப்பினத்தவரிடம் விளக்கமோ மன்னிப்போ கேட்பதையும், அழுகையையோ கட்டித்தழுவலையோ எதிர்பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

அவசர நல்லிணக்கத்தின் விளைவை ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம் காட்டியிருக்கிறது. 1957 செப்டம்பரில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குச் சென்ற கறுப்பின மாணவி எலிசபெத் எக்ஃபோர்டின் பின்னால் நின்று வெறியோடு கத்திய வெள்ளைச் சிறுமி ஹேசல் பிரையன், சில ஆண்டுகளில் தொலைபேசியில் மன்னிப்பு கேட்டார். 1997இல் இருவரும் சேர்ந்து நின்ற படம் சுவரொட்டியாக வெளிவந்தது, நட்பும் மலர்ந்தது. ஆனால் நடந்ததை எந்த அளவுக்கு நேர்மையாக ஒப்புக்கொள்வது என்பதில் அது முறிந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அழகான முடிவைக் காண அவசரப்பட்டவர்கள் சுற்றியிருந்தோர்தாம்.

தமிழர்களிடமிருந்து சாதியைப் பற்றிய பேச்சு எழும், எழட்டும். 1959இல் இந்தியா வந்த கிங்கை, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளி முதல்வர் அமெரிக்காவின் தீண்டத்தகாதவர்களில் ஒருவர் என்று மாணவர்களிடம் அறிமுகப்படுத்தினார்; முதலில் அதிர்ந்த கிங், பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். இந்த ஒப்பீட்டைச் செய்யும் தமிழர், சாதி ஏணியில் தாம் எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடுக்கிய பக்கத்தில் பிறந்தவர் ஒடுக்கப்பட்டவரின் துயரத்தைத் தம்முடையதுபோல் எடுத்தாள்வது அங்கே எளிதாக நிகழ்ந்துவிடுகிறது.

ஒன்பதாம் படி: ஊர் திரும்பியபின்

அடுத்த கூட்டத்தின் தேதியைப் பயணத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்; திரும்பிய மூன்று வாரங்களுக்குள் அது நடக்க வேண்டும். அதில் ஒரே வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிடத்தில் உங்கள் கவுண்டி இருந்தால், அதே அமைப்பின் உதவியோடு உள்ளூர்க் கூட்டணி அமைத்து மண் சேகரிக்கலாம். வரலாற்றுப் பலகை நிறுவலாம். பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தலாம். இறந்தவரின் சந்ததியாரும் உள்ளூர்க் கறுப்பினத் திருச்சபைகளும் ஒப்புக்கொள்ளாத எதையும் தொடங்கக் கூடாது. முன்பே ஒரு கூட்டணி இருந்தால் அதில் உறுப்பினராகச் சேர்வதே முறை.

பட்டியலில் இல்லாத கவுண்டியிலும் தேட வேண்டியவை உண்டு: கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாதென்று எழுதப்பட்ட பழைய பத்திரங்கள், நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்ட குடியிருப்புகள், இருட்டியபின் கறுப்பினத்தவர் தங்கக் கூடாதென்ற ஊர்கள். தெற்கில் மட்டுமே இவை நடந்தன என்று எண்ணிவிட வேண்டாம். மினசோட்டாவின் டுலூத் நகரில் 1920 ஜூன் 15 அன்று மூன்று கறுப்பினத் தொழிலாளர்கள் தெருவிளக்குக் கம்பத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊர்மக்கள் முயன்று 2003இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். உங்கள் கவுண்டியின் பதிவு அலுவலகத்தில் பழைய நிலப் பத்திரங்களை எவர் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் அவை இணையத்திலும் கிடைக்கின்றன. குழுவிலுள்ளவர்களின் வீட்டு மனைகளிலிருந்தே அந்தத் தேடலைத் தொடங்கலாம்.